மடியில் வைத்த அரிசிப் பை

போன வாரம் பிரியா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்றபோது என் மருந்துப் பையையும் வேனில் என் ஜன்னலோர சீட்டையும் வாங்கிக்கொண்ட பெண். எடுத்த எடுப்பிலேயே, "சிஸ்டர், இந்த ஆப் ஒரே பேஜாரா இருக்கு" என்றாள்.

தாம்பரத்தைச் சுற்றி வீட்டோடு கிடக்கும் புற்றுநோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்க்கிற குழு எங்களுடையது. டாக்டர் ஒருவர், நர்ஸ் ஒருத்தி, ஒரு வேன். இப்போது நோயாளியின் போனில் ஓர் ஆப் ஏற்றித் தருகிறார்களாம். அதில் வரிசையாக மூஞ்சிகள் வரும். சிரிக்கிற மூஞ்சியில் ஆரம்பித்து அழுகிற மூஞ்சியில் முடியும். வலி எப்படியோ அப்படி ஒரு மூஞ்சியை அழுத்தவேண்டும்.

"எல்லாரும் சிரிக்கிற மூஞ்சியத்தான் அழுத்துறாங்க சிஸ்டர். அதுலயும் இந்த ப்ராஸ்டேட் பெருசுங்க இருக்காங்களே, ஒருத்தர் விடாம ஒரே சிரிப்பு. நேர்ல போனா கட்டில் கம்பியப் புடிச்சிக்கினு நிக்கிறாங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அடியே, ஆப் வர்றதுக்கு முன்னாடியிருந்தே அவங்க அப்படித்தான்டி!" என்றேன். "அப்ப எழுதிக் குடுங்க. புதுசா சேர்ந்திருக்கிற பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்" என்றாள். சரி, எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். எழுத்தும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜுபைதா. பல்லாவரத்துக்காரி. அத்தா தோல் ஷெட்டில் சூப்பர்வைசர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு, அப்புறம் ஆபரேஷன் வார்டு, அப்புறம் புற்றுநோய் வார்டு. இந்த மூன்றைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தால் திட்டு வாங்கிய கதையாகத்தான் இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன். நான் வேலை கற்றுக்கொண்டது வேனில் ஏறிய பிறகுதான். கற்றுக்கொடுத்தவர் டாக்டர் கலாவதி மேடம்.

மேடத்தின் முறையே தனி. வீட்டுக்குள் போனதும் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்க மாட்டார். ஃபைலைத் திறக்க மாட்டார். நோயாளிக்கு எதிரில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பார். ஒரு நாளைக்கு எத்தனை வீடோ அத்தனை காபி. "வயித்துக்கு ஆகுமா மேடம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "காபி வர்ற வரைக்கும் அவர் எப்படி உக்கார்றாரு, எப்படி எழுந்திருக்கிறாரு, எதைப் புடிச்சு எழுந்திருக்கிறாருன்னு பாக்கலாம் ஜுபைதா. இதெல்லாம் ஸ்கேன்ல வராது" என்றார்.

'வலி இருக்கா?' என்று மேடம் முதலில் கேட்டு நான் பார்த்ததே இல்லை. "நேத்து எந்தப் பக்கமா படுத்தீங்க?" என்பார். "செருப்ப நீங்களே மாட்டினீங்களா, யாராவது மாட்டி விட்டாங்களா?" என்பார். "தும்மல் வந்தா எங்க புடிச்சுக்கிறீங்க?" என்பார். இதற்கெல்லாம் யாருக்கும் பொய் சொல்லத் தோன்றாது. அதற்கப்புறம்தான் கட்டைவிரலால் முதுகெலும்பு, இடுப்பு, தொடை என்று ஒவ்வொரு எலும்பாக மெதுவாக அழுத்திக்கொண்டே போவார். பார்வை மட்டும் நோயாளியின் முகத்தைவிட்டு நகராது. எனக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தார்: "கை எலும்புல இருக்கணும், கண்ணு மூஞ்சியில இருக்கணும்." எண் கேட்பது கடைசியில். வலியே இல்லை என்றால் சைபர், உயிர் போகிறது என்றால் பத்து.

ப்ராஸ்டேட் ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி. அங்கே வரும் புற்று முற்றினால் எலும்பைத் தேடிப் போகும். இடுப்பு, முதுகு, தொடை என்று குடியேறி உள்ளேயிருந்து குடையும். அதற்கு ஊசி உண்டு, மாத்திரை உண்டு, பல பேர் பல வருடம் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் வலியை அடக்கினால்தான் அது வாழ்க்கை. அடக்க முடியும் என்பதைத்தான் யாரும் நம்புவதில்லை. வலி மருந்து மார்ஃபின் என்று சொன்னாலே சங்கு ஊதிவிட்ட மாதிரி பார்ப்பார்கள்.

எங்கள் பல்லாவரத்திலேயே ஒரு பாய் இருந்தார், பெல்ட், பர்ஸ் வியாபாரம். நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரையில் வலி நன்றாக அடங்கியிருந்தது. ரமலான் பிறந்தது. "நோன்பு வெச்சே தீருவேன், மாத்திரைய நிறுத்திடுறேன்" என்று ஒரே பிடிவாதம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று நான் மார்க்கம் படித்த பெரிய ஆலிம் மாதிரி பேச ஆரம்பித்தேன். மேடம் என் கையைத் தொட்டு நிறுத்தினார். "பாய், மெதுவா கரையிற மாத்திரை ஒண்ணு இருக்கு. ரெண்டே வேளை. விடியறதுக்கு முன்னாடி சஹர்ல சாப்பிடறப்ப ஒண்ணு, நோன்பு திறக்கிறப்ப ஒண்ணு. முடியாத அன்னிக்கு எனக்காக நோன்ப விட்டுடணும், சரியா?" என்றார். பாய் முக்கால்வாசி நோன்பை வைத்துவிட்டார். பெருநாளன்று வேனுக்கு பிரியாணி வந்தது. நோயாளிக்கு என்ன வேண்டுமோ அதை முதலில் காதில் வாங்கிக்கொள்ளவேண்டும், அதற்கேற்ற மாதிரி மருந்தை மாற்றவேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

இனி ராமசேஷன் சார் கதைக்கு வருகிறேன். பிரியா கேட்டதற்குப் பதில் இவர்தான்.

அஸ்தினாபுரத்தில் வீடு. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் போகிற மின்சார ரயிலில், கடைசிப் பெட்டியில் நின்று டிரைவருக்கு பெல் அடிப்பாரே, அவர்தான். ரெண்டு பெல் அடித்தால் வண்டி கிளம்பும், ஒரு பெல் அடித்தால் நிற்கும். வீட்டிலும் அதே சட்டம். டம்ளரில் ரெண்டு தட்டு தட்டினால் மனைவி ஜெயா மாமி காபியோடு கிளம்பவேண்டும். ஒரே பெண், காயத்ரி. பேங்கில் வேலை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரத்தில்தான் நாங்கள் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தோம்.

எப்போது போனாலும் இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். "வாங்கோ டாக்டர், வாங்கோ சிஸ்டர், இன்னிக்கு ரைட் டைம்!" என்பார். நாங்கள் கிளம்பும்போது, "உக்காந்தபடியே வழியனுப்பறேன், தப்பா எடுத்துக்கப்படாது" என்பார். மேடம் அழுத்திப் பார்த்தாலும் முகம் அசையாது. இடுப்பில் பரவியிருக்கிறது என்று ஸ்கேன் சொல்கிறது, அவர் சைபர் என்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்தே மார்ஃபின் மாத்திரை எழுதித் தந்திருந்தார்கள். "நன்னா கேக்கறது. அந்த அளவே போறும்" என்று அளவைக் கூட்ட விடமாட்டார்.

ஒருநாள் மேடம் மாமியோடு சமையலறையில் பேசிக்கொண்டிருந்தபோது நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். மார்ஃபின் ஓடுகிற வீட்டில் அதுதான் முக்கியமான கேள்வி.

"மோஷன் எப்படி சார் போகுது? பேதி மாத்திரை குடுத்தோமே, ராத்திரி போட்டுக்கிறீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு சிஸ்டர்? தொடவேயில்லை. காலம்பற டாண்ணு போறது. ஃபர்ஸ்ட் ட்ரெயின் மாதிரி!"

அவர் பெருமையாகச் சொன்னார். எனக்கு இடித்தது. மார்ஃபினை வேளை தவறாமல் போடுகிற மனுஷனுக்கு மலச்சிக்கல் வராமல் இருக்கவே இருக்காது. குமட்டல் போய்விடும், தூக்கக் கலக்கம் போய்விடும், இது மட்டும் போகாது. பேதி மாத்திரையைத் தொடாமலே ஒருத்தருக்கு ஃபர்ஸ்ட் ட்ரெயின் கிளம்புகிறது என்றால் மார்ஃபின் மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை என்று அர்த்தம். வேனில் ஏறியதும் மேடத்திடம் சொன்னேன். அவரும் ஏமாந்திருந்தார், ஆனால் அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. "நாளைக்கு நம்ம முறை இல்ல. நீ சொல்லாம கொள்ளாம போ" என்றார்.

போனேன். மாமி கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தாள். பயந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

அதே நாற்காலி. சட்டை இல்லை, விபூதி இல்லை. மடியில் பத்துக் கிலோ பொன்னி அரிசிப் பையை வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ராமசேஷன் சார் உட்கார்ந்திருந்தார். கண்ணை இறுக்க மூடியிருந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. கன்னத்தில் ஓடியது வியர்வை இல்லை என்று கிட்டே போனபோதுதான் தெரிந்தது.

"சார், என்ன சார் பண்றீங்க?"

கண்ணைத் திறந்தார். பொய் சொல்ல நேரமில்லை. "ப்ராக்டிஸ்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் பையைத் தூக்கிக் கீழே வைத்தேன். பிறகு மாமிதான் சொன்னாள். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்தில் தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்காரவேண்டுமாம். அப்பாவால் முடியாவிட்டால் பெரியப்பாவோ சித்தப்பாவோ அந்த இடத்தில் உட்காரலாமாம். காயத்ரிக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார், பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர், சுந்தரம்.

"சின்ன வயசுலேர்ந்து ஜன்னல் சீட்டு அவனுக்குத்தான் சிஸ்டர்" என்றார் சார். "பாவாடையோட என் மடியில ஏறி உக்காந்து கணக்குப் போட்ட குழந்தை. அது அவன் மடியில போய் உக்காரணுமா? நான் வலிக்கறதுன்னு சொன்னா டாக்டர் கூடாதுன்னுடுவா. அதான் சொல்லலை. பத்துக் கிலோவுக்கே இப்படி. அவ அம்பத்தெட்டு."

"அப்ப மாத்திரை?"

மாமி சமையலறை அலமாரியிலிருந்து ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்தாள். பாதி பாட்டில் மாத்திரை. நாங்கள் வரும் நாளில் மட்டும் விடியற்காலையிலும் வருவதற்கு முன்னாலும் போட்டுக்கொண்டு, சட்டை மாட்டி, முன்கூட்டியே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மற்ற நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சேமிப்பு.

"கல்யாணத்தன்னிக்குச் சேர்த்துப் போட்டுண்டா ஒரு மணி நேரம் தாங்கிடலாம்னு..."

"சேர்த்தா!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "சார், மூச்சே நின்னுடும் சார்! ரயில்வேல இருந்தவர்தானே நீங்க? ஒரு வாரக் கூட்டத்த சேர்த்துவெச்சு ஒரே ட்ரெயின்ல ஏத்துவீங்களா? கூட்டம் இருக்கோ இல்லையோ, டைமுக்கு வண்டி விடுவீங்களா மாட்டீங்களா? மாத்திரையும் அப்படித்தான். வலி வந்தப்புறம் தேடுறதில்ல, வர்றதுக்கு முன்னாடி போட்டுடணும்!"

அவர் என்னையே பார்த்தார். "இத ஆஸ்பத்திரில யாரும் இப்படிச் சொல்லலையே" என்றார். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. பாட்டிலை மட்டும் என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மேடம் அன்று சாயங்காலமே வந்தார். திட்டவில்லை. எதிரில் உட்கார்ந்து காபி குடித்தார். மூலையில் கிடந்த பையைக் காலால் தொட்டு, "புழுங்கலா, பச்சையா?" என்று கேட்டார். சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எண் கேட்டார்.

"சைபர்" என்றார் சார், பழக்க தோஷத்தில்.

"மாமி, நீங்க சொல்லுங்க."

"எட்டு, டாக்டர்" என்றாள் மாமி. "எழுந்துக்கறச்சே என் கையைப் பிடிச்சுக்கறாரே, அப்போ எனக்கே எட்டு." புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சார் அவளைப் பார்த்தார். மனைவிக்கும் எண் உண்டு என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போல.

"வலிய மறைச்சா நான் தப்பான மருந்து குடுப்பேன்" என்றார் மேடம். "வலிய சொன்னா கல்யாணத்துக்கு நான் தடை சொல்ல மாட்டேன். வழி தேடுவேன். ஆனா நீங்க சொல்ற நம்பர் நெஜமா இருக்கணும். டீலா?"

சார் டம்ளரில் ரெண்டு தட்டினார். மாமி இன்னொரு காபி போட எழுந்துவிட்டாள். பாவம், அது சம்மதம் என்று புரியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தோம். இடது இடுப்பிலும், தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்திலும் அரித்திருந்தது. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் இப்போது தேவையில்லை, ஆனால் வாக்கர் இல்லாமல் நடக்கக் கூடாது, அந்தப் பக்கம் எந்தப் பாரமும் விழக் கூடாது என்று சொல்லிவிட்டார். முறிந்தால் கல்யாணமில்லை, கட்டில்தான். அரிசிப் பைக்கு அது முறியாமல் இருந்ததே ஆண்டவன் புண்ணியம்.

முதலில் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கடிகாரத்தோடு கட்டினோம். இடையில் வலி எட்டிப் பார்த்தால் போட ஒன்று தனியாக. படுக்கும் முன் பேதி மாத்திரை, இந்த முறை மாமி கண் எதிரில். கால் மரத்துப்போனாலோ, பலமில்லாமல் துவண்டாலோ, சிறுநீர் போவது நின்றாலோ எந்த நேரமானாலும் உடனே கூப்பிடவேண்டும் என்று மாமியைத் திருப்பிச் சொல்லவைத்தேன். அது முதுகுத் தண்டு நசுங்குகிற அறிகுறி, அதில் தாமதம் கூடாது. எலும்பை இறுக்குகிற ஊசிக்கு முன்னால் பல் டாக்டரிடம் போகவேண்டும் என்றதும், "இடுப்புக்கு ஊசி போட பல்லு எதுக்கு?" என்று சார் கேட்டார். அந்த ஊசி சிலருக்குத் தாடை எலும்பைக் கெடுக்கும், சொத்தைப் பல் இருந்தால் முதலிலேயே பிடுங்கிவிடவேண்டும் என்று விளக்கினேன்.

அப்புறம் கரண்ட். கதிர்வீச்சை எங்கள் பக்கத்தில் கரண்ட் வைக்கிறது என்றுதான் சொல்வார்கள். எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை வைத்தாலே பல பேருக்குப் போதும். போய் வந்த மறுநாள் மாமி போனில் அழுகிறாள். "சிஸ்டர், கரண்ட் வெச்சதுலேர்ந்து ஜாஸ்தியாயிடுத்து! தப்பா வெச்சுட்டாளா?"

"இல்ல மாமி. முன்னாடியே சொன்னேனே, சிலருக்கு ரெண்டு மூணு நாள் கூடிட்டுத்தான் குறையும். மேடம் தனியா எழுதிக் குடுத்த மாத்திரை இதுக்குத்தான். சார்கிட்ட போன குடுங்க. சார், நம்பர் எவ்ளோ?"

"ஏழு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு என்று ஒருத்தர் சொல்லி நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். இடையில் போடுகிற மாத்திரையைப் போடச் சொன்னேன். ஏழு ஐந்தாகி, இரண்டு வாரம் போவதற்குள் மூன்றில் வந்து நின்றது. மேடம் மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாற்றினார். சார் இடது பக்கம் திரும்பிப் படுத்தாராம். ஃபர்ஸ்ட் ட்ரெயினும் இப்போதெல்லாம் லேட் என்றார். நல்ல சேதிதான் என்று சொல்லி பேதி மாத்திரையைக் கூட்டினேன்.

எல்லாம் சரி, மடி? காயத்ரியை உட்காரவைத்து மேடம் உள்ளதைச் சொன்னார். அந்தப் பெண் திடமானவள். "அப்போ சித்தப்பா உக்காரட்டும். எனக்கு அப்பா நடக்கணும், அதுதான் முக்கியம்" என்றாள். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் கடைசி வாய் காபியைக் குடித்துவிட்டு, "ஏம்மா, மடியில உக்காரணும் சரி. வெயிட்டு மடியில விழணும்னு எங்கயாவது சொல்லியிருக்கா? உங்க வாத்தியாரக் கேளு" என்றார்.

காயத்ரி அப்போதே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். கல்யாணம் பண்ணிவைக்கிற வாத்தியார் முழுக்கக் கேட்டார். "வெயிட்டுக்குன்னு மந்திரம் ஒண்ணும் கிடையாது" என்றார். "அப்பா அணைச்சுக்கணும், கொழந்தை அந்த அணைப்புக்குள்ள இருக்கணும். கீழ ஸ்டூல் இருக்கா மோடா இருக்கான்னு நான் குனிஞ்சு பாக்கப்போறதில்லை."

சார் திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஸ்டூல் என் பொறுப்பு. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் கிடைக்காத பழைய சாமான் கிடையாது. முதலில் பார்த்ததெல்லாம் ஆட்டம். கடைசியில் ஒருத்தன் கட்டையாக, குட்டையாக, தேக்கில் ஒன்று வைத்திருந்தான். நான் அதை ஆட்டி ஆட்டிப் பார்ப்பதைப் பார்த்து, "இன்னாக்கா, கல்லு மாதிரி கீது. டவுட்டு இருந்தா நீயே குந்திப் பாரேன்" என்றான். நடுச் சந்தையில் உட்கார்ந்தே பார்த்தேன். "யாருக்குக்கா?" என்றான். "கல்யாணப் பொண்ணுக்கு" என்றேன். ஒருமாதிரி பார்த்தான்.

சாரின் நாற்காலி உயரத்துக்கு ஏற்ற மாதிரி கால்களை அறுத்து, மேலே பஞ்சு வைத்துத் தைத்தோம். சார் முழங்கால்களை அகட்டி உட்காரவேண்டும், நடுவில் ஸ்டூல், அதில் பெண், அவளுடைய மடிசார் புடவையை விரித்து அவர் தொடையை மூடிவிட்டால் ஊருக்கு மடிதான். காயத்ரி பேங்கிலிருந்து வரத் தாமதமானதால் முதல் ஒத்திகையில் மணப்பெண்ணாக உட்கார்ந்தது நான். எண்பது கிலோ. "இது தாங்கித்துன்னா கூட்ஸ் வண்டியே தாங்கும்" என்றார் சார். என் சொந்தக் கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு ஒத்திகை கிடையாது.

குரோம்பேட்டை மண்டபத்தில் கல்யாணம். நானும் மேடமும் காலையிலேயே போய்விட்டோம். மெதுவாகக் கரையும் மாத்திரை விடியும்போதே உள்ளே போயிருந்தது. முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் உடனே வேலை செய்யும் மாத்திரையை நானே கொடுத்தேன். வாக்கரில் மேடை வரை வந்து, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். தம்பி சுந்தரம் பட்டு வேட்டி சரசரக்க வந்து, "அண்ணா, சிரமமா இருந்தா சொல்லு, நான் ரெடியா இருக்கேன்" என்றார். "நீ ரெடியாவே இரு" என்றார் சார்.

காயத்ரி வந்தாள். சார் கைகளை விரித்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் நெஞ்சில் முதுகைச் சாய்த்தாள். மாமி புடவையை விரித்துவிட்டாள். நான் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"அப்பா, வலிக்கறதா?"

"வலிக்கறது" என்றார் சார். "கொஞ்சம். நீ நன்னா சாஞ்சுக்கோ."

அந்தப் பெண் இத்தனை நாள் அழாமல் இருந்தவள். அப்பா தன்னிடம் முதல் தடவையாக உண்மையைச் சொன்னதும் பொலபொலவென்று அழுதாள். "ஆரம்பிக்கலாமா?" என்றார் வாத்தியார். சார் நாற்காலிக் கையில் ரெண்டு தட்டு தட்டினார். கெட்டிமேளம் கொட்டியது.

அந்தச் சத்தத்தில் முதல் வரிசையிலிருந்து மேடம் புருவத்தைத் தூக்கி, எவ்வளவு என்று ஜாடையில் கேட்டார். மாப்பிள்ளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறான், சுற்றிலும் அட்சதை பறக்கிறது, சார் ஒரு கையால் மகளை அணைத்தபடி இன்னொரு கையை உயரத் தூக்கி நாலு விரலைக் காட்டினார். கொஞ்சம் யோசித்து ஒரு விரலை மடக்கினார். மூன்று. "சார், கைய எறக்குங்க சார், பொண்ண மறைக்குது!" என்று போட்டோகிராபர் கத்தினான். அவர் இறக்கவே இல்லை. மேடம் மூன்றே போதும் என்று தலையை ஆட்டிய பிறகுதான் இறக்கினார்.

அதற்கப்புறம் இரண்டு தீபாவளி பார்த்தார். கடைசி வரைக்கும் கேட்ட எண்ணை ஒளிக்காமல் சொன்னார். அவருடைய படம் என்று இப்போது காயத்ரி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் போட்டோதான். அழகாக எடுத்த படம் எத்தனையோ இருந்தும் அவள் அதைத்தான் தேர்ந்தெடுத்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு, காற்றில் மூன்று விரல்.

பிரியா, அந்தப் படத்தை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். உன் ஆப்பில் அந்த மூஞ்சி இருக்கிறதா என்று பார்.